சிங்கப்பூரில் கார் டயர்: விண்டரா, ஆல்-சீசனா, மழைக்கு ஏற்றதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயரைப் பற்றி இணையத்தில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் பனிநாட்டுக்காரர்களுக்கான அறிவுரை. நம் சாலைக்கு வேண்டியது கடும் சூட்டையும் திடீர் மழையையும் தாங்கும் டயர். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, கடையில் எப்படிப் பொருத்தியிருக்க வேண்டும், எது எங்கே கெடுகிறது என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

விண்டர் டயர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்களே, இங்கே போட்டால் என்ன?

போடக்கூடாது. 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தாலும் இறுகாமல் மென்மையாகவே இருக்கும்படி கலந்த ரப்பர் அது. சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19.4 டிகிரி, அதுவும் 1934 ஜனவரியில். நண்பகல் வெயிலில் தார்ச்சாலை 50 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் விண்டர் ரப்பர் குழைந்துவிடுகிறது. போதாததற்கு, பனியைக் கவ்வுவதற்காக அதன் ட்ரெட் (சாலையைத் தொடும் மேற்பரப்பு) முழுக்க மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள். சூடான சாலையில் பிரேக் மிதித்ததும் அந்தக் கீறல்களுக்கு நடுவே உள்ள ரப்பர் கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நெளியும். கார் நிற்க அதிக தூரம் எடுக்கும், ஸ்டீயரிங் திருப்பினால் முன்பக்கம் ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்பும், டயரும் வேகமாகத் தேயும். விண்டர் டயருக்கு ஈரத்தில் கிடைத்த நல்ல பெயர் 5 டிகிரி மழையில் கிடைத்தது. நம் மழை 25 டிகிரி மழை.

அப்படியானால் ஆல்-சீசன்?

இரண்டு வகையை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துளியும் (ஸ்னோஃபிளேக்) வரைந்திருந்தால், அது பனிச்சாலையில் சோதிக்கப்பட்டுத் தேறிய டயர். மிஷலின் கிராஸ்கிளைமேட் 2 அந்த வகை. கோடைக்கும் பனிக்கும் இடையில் செய்துகொண்ட சமரசம்தான் அதன் வடிவமைப்பு. நம் ஊரில் பனிப் பாதி ஒருநாளும் பயன்படாது. அதற்காக விட்டுக்கொடுத்த சூட்டுப் பிடிப்பும் பிரேக் தூரமும் மட்டும் தினமும் நம் கணக்கில் ஏறும்.

'எம்+எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது சேறும் பனியும் என்பதைக் குறிக்கும். ட்ரெட் வடிவத்தைப் பார்த்து உற்பத்தியாளரே பொறித்துக்கொள்ளும் குறி அது. சில எஸ்யூவிகள் தொழிற்சாலையிலிருந்தே இப்படிப்பட்ட டயரோடு வருகின்றன. உங்கள் கார் அப்படி வந்திருந்தால் கழற்றி எறியத் தேவையில்லை. தேய்ந்தபின் மாற்றும்போது சாலைக்கான சாதாரண கோடை டயருக்கு வந்துவிடலாம். இங்குள்ள கடைகளில் 'விண்டர்' என்றோ 'ஆல்-சீசன்' என்றோ சொல்லாமல் விற்கும் கார் டயர்களில் பெரும்பாலானவை கோடை டயர்கள்தான்.

டிசம்பரில் ஹொக்கைடோவில் கார் ஓட்டப் போகிறோம். என்ன கேட்டு வாங்க வேண்டும்?

அங்கே குளிர்காலத்தில் வாடகைக் கார்கள் ஸ்டட்லெஸ் எனப்படும் ஆணியில்லா விண்டர் டயரோடுதான் தரப்படுகின்றன. இருந்தாலும் முன்பதிவில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சாவி வாங்கும்போது நான்கு டயரிலும் பனித்துளிக் குறியைப் பாருங்கள். ஹொக்கைடோவுக்குப் பதில் ஜெர்மனிக்குப் போவதென்றால், அங்கே பனிச்சாலையில் ஓட்ட 2024 அக்டோபர் முதல் எம்+எஸ் குறி மட்டும் போதாது, மலைப் பனித்துளிக் குறி கட்டாயம். எந்த விண்டர் டயரும் உறைபனிக்கட்டியில் நம் ஊர் பிரேக்கைத் தராது; முன்னால் செல்லும் வாகனத்துக்கும் உங்களுக்கும் இடைவெளியைப் பல மடங்கு கூட்டுங்கள்.

கேமரன், கெந்திங் மலைகளுக்கு ஓட்டிப் போனால்?

இங்குள்ள டயரே போதும். மலைமேல் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போவது அரிது. அங்கே கவனிக்க வேண்டியது ட்ரெட் ஆழமும் இறங்கும்போது பிரேக் சூடாவதும்தான். குறைந்த கியரில் இறங்குங்கள்.

டயர் அளவை எங்கே பார்ப்பது, எப்படிப் படிப்பது?

ஓட்டுநர் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அளவும் காற்றழுத்தமும் அதில் உள்ளன. பழைய கார் வாங்கியவர்கள் டயரின் பக்கச்சுவரை மட்டும் நம்பக்கூடாது. முந்தைய உரிமையாளர் அளவை மாற்றியிருக்கலாம்.

பல கொரோலா ஆல்டிஸ் கார்களில் வரும் 205/55 ஆர்16 91வி என்ற அளவை எடுத்துக்கொள்வோம். 205 என்பது அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 விழுக்காடு, அதாவது சுமார் 113 மி.மீ. 'ஆர்' என்றால் ரேடியல், டயரின் உட்கட்டமைப்பு வகை. 16 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 எடைக் குறியீடு: ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 'வி' வேகக் குறியீடு: மணிக்கு 240 கி.மீ. வரை. 'டி' 190, 'எச்' 210, 'டபிள்யூ' 270.

வேகக் குறியீடு குறைந்தால் என்ன, விரைவுச்சாலையில் 90தானே வேக வரம்பு?

வேகம் மட்டும் என்றால் சரிதான். ஆனால் அந்த எழுத்து டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் காட்டுகிறது. குறைந்த குறியீட்டு டயர் மென்மையான கட்டமைப்பில் வரும். காரின் சஸ்பென்ஷனும் ஏபிஎஸ் பிரேக்கும் அதை எதிர்பார்த்து வடிவமைக்கப்படவில்லை. எடைக் குறியீட்டிலோ பேச்சுக்கே இடமில்லை: ஸ்டிக்கரில் 91 என்றால் 91 அல்லது அதற்கு மேல்தான். கடைக்காரர் 88 வைத்திருக்கிறார், விலையும் குறைவு என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 88 என்பது 560 கிலோ. ஐந்து பேரும் பெட்டிகளுமாக மலாக்காவுக்குப் புறப்படும் நாளில் அந்த 55 கிலோ வித்தியாசம் டயரைச் சுட்டெடுக்கும்.

எந்த வகை டயர் வாங்குவது?

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக சுமார் 2,113 மி.மீ. மழை, ஏறத்தாழ 170 நாள் நனைகிறது. ஆகவே முதலில் ஈரப்பிடிப்பு, பிறகுதான் மற்றவை. நாம் சொல்லும் வரிசை: ஈரப்பிடிப்பு, தேய்மானம், சத்தம், எரிபொருள் சிக்கனம்.

ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருந்தால் வேலை எளிது. மழை மேகப் படத்துக்குப் பக்கத்தில் ஏ முதல் இ வரை ஓர் எழுத்து இருக்கும். ஏ அல்லது பி உள்ளதை எடுங்கள். லேபிள் இல்லாவிட்டால் பக்கச்சுவரில் அமெரிக்கத் தரக்குறி இருக்கிறதா பாருங்கள்: ட்ரெட்வேர் என்று ஓர் எண், டிராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி, டெம்பரேச்சர் என்று ஏ, பி, சி. டிராக்‌ஷன் ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்ட நிலையில், நேர்க்கோட்டில் அளந்தது. டெம்பரேச்சர் ஏ என்றால் சூட்டைத் தாங்குவதில் உயர்ந்த தரம். ட்ரெட்வேர் எண்ணை ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களுக்கிடையே மட்டும் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அந்த எண்ணைத் தானே இட்டுக்கொள்வதால் ஒன்றின் 400-ம் இன்னொன்றின் 400-ம் ஒன்றல்ல.

குடும்பக் காருக்கு மிஷலின் பிரைமசி 4, காண்டினென்டல் அல்ட்ராகாண்டாக்ட் யூசி7, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா போன்ற சொகுசு வகைகள் பொருந்தும். தனியார் வாடகைக் கார் ஓட்டி நாள் முழுக்கச் சாலையில் இருப்பவர்கள் தேய்மானத்தைப் பார்ப்பது நியாயம்தான். ஆனால் பயணிகளை ஏற்றிக்கொண்டு மழையில் ஓட்டுபவர்களும் அவர்கள்தாம். நீண்டநாள் உழைக்கும் கெட்டி ரப்பருக்காக ஈரப்பிடிப்பில் இரண்டு படி இறங்காதீர்கள். ஸ்போர்ட்ஸ் வகை டயர் வளைவில் நன்றாகப் பிடிக்கும். சத்தம் அதிகம், சீக்கிரம் தேயும்.

புது டயர் என்று தருவது உண்மையில் எவ்வளவு புதியது?

பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் முழு வரிசையும் பொறித்திருப்பார்கள். ரிம்மில் ஏற்றிவிட்டால் அது உள்பக்கம் போய்விடலாம். அதனால் பொருத்துவதற்கு முன்பே, டயர் தரையில் கிடக்கும்போதே நான்கையும் பாருங்கள். நிழலில் சரியாக அடுக்கி வைத்த டயர் ஓரிரு ஆண்டு பழையதாக இருந்தால் பாதகமில்லை. நான்கு ஆண்டுப் பழசை முழு விலைக்கு வாங்க வேண்டாம்.

எப்போது மாற்ற வேண்டும்?

சட்டம் சொல்லும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. வரிப்பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடு இருக்கும். ட்ரெட் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் 1.6 வந்துவிட்டது என்று பொருள். வாகனப் பரிசோதனையிலும் அங்கேதான் தோற்பீர்கள். மூன்று ஆண்டிலிருந்து பத்தாண்டு வரையிலான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்தாண்டைத் தாண்டியவற்றுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு.

ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். புது டயரில் 7 முதல் 8 மி.மீ. ஆழம். 3 மி.மீ. ஆனதும் மாற்றிவிடுங்கள் என்பதே நம் மழைக்கு ஏற்ற கணக்கு. சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஆழமானியை வாங்கி உள்ளோரம், நடு, வெளியோரம் என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைவானதைக் கணக்கில் எடுங்கள். உள்ளோரம் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்தால் முன் டயர்களில் தெரியும்.

வயதும் உண்டு. ஆழம் இருந்தாலும் ஐந்து ஆண்டு ஆனபின் ஆண்டுக்கு ஒருமுறை கடையில் காட்டுங்கள். பத்தாண்டு எந்த டயருக்கும் உச்ச வரம்பு. திறந்தவெளியில் வெயிலில் நிற்கும் காருக்கு அவ்வளவு காலமும் கிடைக்காது; பக்கச்சுவரிலும் வரிப்பள்ளத்தின் அடியிலும் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். வார இறுதியில் மட்டும் ஓடும் கார்களில் டயர் தேயாமலே கிழடாகிவிடுவதைப் பலர் கவனிப்பதில்லை.

மழையில் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடுகிறது. ஏன்?

டயர் நீர்மேல் மிதக்கத் தொடங்கிவிட்டது. சாலையில் தேங்கிய நீரை வரிப்பள்ளங்கள் வாரிப் பின்னாலும் பக்கவாட்டிலும் தள்ள வேண்டும். வேகம் கூடினாலோ ஆழம் குறைந்தாலோ தள்ள நேரம் போதாமல், டயருக்கு முன்னால் நீர் ஆப்பு போலக் கூடி அதைத் தூக்கிவிடுகிறது. அப்போது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் எதற்கும் பயன்படா.

காற்றழுத்தத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1963-இல் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் தந்தார்கள்: பிஎஸ்ஐ அளவிலான அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு மைலில் கிடைக்கும். ட்ரெட் ஆழத்தைவிட அதிகமாக நீர் தேங்கிய நிலைக்கான கணக்கு இது. கார் டயருக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும் போக்கு தெளிவு: 32 பிஎஸ்ஐ-யில் மணிக்கு சுமார் 94 கி.மீ., 24 பிஎஸ்ஐ-யில் சுமார் 82. ஆக, காற்றுக் குறைந்த டயர் தீவு விரைவுச்சாலையின் 90 கி.மீ. வரம்புக்குள்ளேயே மிதக்கலாம்.

மிதந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். டயர் மறுபடி சாலையைத் தொட்டதும் கை உணரும். அதன்பின் வேகத்தைக் குறையுங்கள். கொட்டும் மழையில் க்ரூஸ் கன்ட்ரோலை அணைத்து வையுங்கள்.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவை எந்தப் பக்கம்?

பின்னால். முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் பின்னால்தான். கடைக்காரர் முன்னால் போட்டுத் தரப் பார்ப்பார், மறுத்துவிடுங்கள். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகம் குறைத்தால் பெரும்பாலும் திரும்பக் கைக்கு வரும். பின் டயர் வழுக்கினால் வால் சுழன்று கார் குறுக்கே திரும்பிவிடும்; சாதாரண ஓட்டுநரால் அதை மீட்க முடியாது. ஒரே அச்சில் இரண்டு டயரும் ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே அளவாக இருக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களில் நான்கையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. விட்டம் வேறுபட்டால், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபெரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகும்.

பெரிய ரிம் போட ஆசை. எந்த அளவு பொருந்தும்?

மொத்த விட்டம் மாறக்கூடாது. ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி, பக்கச்சுவர் உயரத்தின் இரட்டிப்பைக் கூட்டுங்கள். 205/55 ஆர்16: 632 மி.மீ. அதற்கு மாற்றாக 225/45 ஆர்17: 634 மி.மீ.; சரி. 225/50 ஆர்17 போட்டால் 657 மி.மீ., ஏறக்குறைய 4 விழுக்காடு கூடுதல். வேகமானி குறைத்துக் காட்டும், உள் மட்கார்டில் உரசலாம். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டக்கூடாது. ரிம்மின் ஆஃப்செட்டும் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு), நடுத்துளையின் விட்டமும் காரோடு பொருந்த வேண்டும். துளை பெரிதாக இருந்தால் இடைவளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் நடுங்கும். பக்கச்சுவர் மெலிவதால் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் விளிம்புக் கல்லில் ஒருமுறை இடித்தாலே ரிம் அடிபடும்.

கடையில் டயர் மாற்றும்போது என்னென்ன நடக்க வேண்டும்?

பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

காரைத் தூக்குவது தயாரிப்பாளர் குறித்த இடத்தில் மட்டும். சக்கரத்தைக் கழற்றியதும் வால்வின் உள்ளூசியை எடுத்துக் காற்றை முழுக்க விட்டபின்தான் டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பெயர்க்க வேண்டும். காற்றழுத்த சென்சார் உள்ள கார் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெயர்க்கும் தகடு வால்வுக்கு அருகே அழுத்தினால் சென்சார் உடையும், அது விலை கூடிய பொருள்.

பழைய டயர் வந்ததும் ரிம்மின் உள்விளிம்பைப் பாருங்கள். அலாய் ரிம்மில் வெண்பொடி போல அரிப்பு படிந்திருக்கும். அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்காமல் புது டயர் ஏற்றினால் மாதாமாதம் காற்று குறைந்துகொண்டே இருக்கும். 'புது டயரிலும் காற்று நிற்கவில்லை' என்ற புகார்களில் பல இங்கே தொடங்குபவை. ரப்பர் வால்வைக் கட்டாயம் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், சில வெள்ளிதான். நம் சூட்டில் அதன் அடிப்பகுதி வெடிக்கும். வளைத்துப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது திசை. பக்கச்சுவரில் 'ரொட்டேஷன்' அம்புக்குறி இருந்தால் கார் முன்னே போகும்போது சக்கரம் சுழலும் பக்கம் அது காட்ட வேண்டும். 'அவுட்சைடு' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வெளியே. தப்பாகப் போட்டால் ஈரத்தில் நீர் வெளியேறும் வழி கெடும், சத்தமும் கூடும். மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேராக வைத்தால் பேலன்ஸுக்கு, அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்க, ஈயம் குறைவாகப் போதும்.

விளிம்பில், எளிதாக வழுக்கி ஏற உதவும் டயர் பசையைப் பூசி ஏற்றிக் காற்றடிக்கும்போது இரண்டு முறை 'பட்' என்று சத்தம் கேட்கும். இரு விளிம்பும் ரிம்மில் உட்கார்ந்த சத்தம் அது. 275 கிலோபாஸ்கல், அதாவது 40 பிஎஸ்ஐ வரை அடித்தும் உட்காரவில்லையென்றால் காற்றை விட்டு, மறுபடி பசை பூசித் தொடங்க வேண்டும். மேலும் மேலும் அடிப்பது உயிராபத்து. உட்கார்ந்தபின் ரிம் ஓரத்தில் டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேலன்ஸ் எந்திரம் உள், வெளி இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டும்வரை எடை ஒட்ட வேண்டும். பழைய எடைகளை முதலில் எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கத்துக்கே கைநிறைய எடை கேட்டால், டயரை ரிம்மில் 180 டிகிரி திருப்பிப் போட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியில் நட்டு. கையால் சில சுற்று ஏற்றி, நட்சத்திர வரிசையில், எதிரெதிராக இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் முழுக்க முறுக்குவதுதான் கடைகளில் நாம் காணும் பெரிய தவறு. நட்டு ஏறும் ஸ்டட் நீளும், பிரேக் டிஸ்க் கோணும், நடுவழியில் பஞ்சரானால் உங்களால் கழற்றவும் முடியாது. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு கொண்டு முடிக்கச் சொல்லுங்கள்: டொயோட்டாக்களில் பரவலாக 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டாக்களில் 108, 14 மி.மீ. போல்ட் உள்ள ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலும் 140. உங்கள் காருக்கான எண் கையேட்டில் இருக்கும். ஹோண்டாவின் நட்டு உருண்டை அடியுடையது. பிற கார்களின் கூம்பு நட்டை அதில் போட்டால் சரியாக உட்காராமல் தளரும். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும்.

புது டயர் போட்ட பிறகு வண்டி நடுங்குகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது. எதைச் சந்தேகிப்பது?

80, 90 கி.மீ. வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் பேலன்ஸ். இருக்கை நடுங்கினால் பின்சக்கரம். எல்லா வேகத்திலும் இழுத்தால் முதலில் காற்றழுத்தம், அடுத்து அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்). முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டதும் இழுப்பும் திசை மாறினால் குற்றம் டயரில். அம்புக்குறி உள்ள டயரில் இந்தச் சோதனை செய்ய முடியாது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பாருங்கள்.

முதல் 200 முதல் 300 கி.மீ. வரை கொஞ்சம் நிதானமாக ஓட்டுங்கள். டயர் வார்க்கும் அச்சிலிருந்து எளிதாக வெளிவரத் தடவிய பொருள் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும். அது தேயும்வரை முழுப் பிடிப்பு வராது.

ஒவ்வொரு முறையும் அலைன்மென்ட் செய்ய வேண்டுமா?

பழைய டயர் சொல்லிவிடும். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால், அல்லது கையால் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால் கட்டாயம் செய்யுங்கள். இல்லாவிட்டால் புது டயரும் அதே வழியில் போகும். நடுமட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. சுற்றிலும் குழி குழியாகத் தேய்ந்தால், குலுக்கலை அடக்கும் அப்சார்பர் போய்விட்டது, அலைன்மென்ட் உதவாது. பழைய டயர் சமமாகத் தேய்ந்திருந்தால் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

காற்றழுத்தம் எவ்வளவு? எப்போது பார்ப்பது?

கதவுத்தூண் ஸ்டிக்கரில் உள்ளது. பக்கச்சுவரில் எழுதியிருப்பது டயர் தாங்கும் உச்சம்; அதைப் போய் அடிக்காதீர்கள். பெட்ரோல் நிலைய எந்திரங்கள் பெரும்பாலும் கிலோபாஸ்கலில் காட்டும்: 220 என்றால் 32 பிஎஸ்ஐ, 240 என்றால் 35.

மாதம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். காலையில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் போகக்கூடிய நிலையம் நல்லது. மதியம் விரைவுச்சாலையில் ஓடிவந்து அளந்தால் 20, 30 கிலோபாஸ்கல் கூடக் காட்டும். 'அதிகமாகிவிட்டது' என்று அப்போது காற்றை விட்டுவிட்டால் மறுநாள் காலை டயர் குறைவாக நிற்கும். மலேசியாவுக்கு முழுச் சுமையோடு போகும் முன் ஸ்டிக்கரின் இரண்டாவது வரியில் உள்ள முழுச்சுமை அழுத்தத்துக்கு ஏற்றுங்கள். அங்கே நெடுஞ்சாலையில் 110 கி.மீ. வேகம், மணிக்கணக்கில் சூடு. டயர் வெடிப்பது காற்றுக் குறைவால்தான் அதிகம். நைட்ரஜன் நிரப்பினால் கெடுதல் இல்லை. அதற்கெனத் தனிக் கட்டணம் தருவதைவிட மாதாமாதம் அளப்பது மேல்.

பஞ்சர் எங்கே ஒட்டலாம், எங்கே கூடாது?

ட்ரெட்டின் நடுப்பகுதியில், 6 மி.மீ. வரை துளை என்றால் ஒட்டலாம். தோளிலும் (ட்ரெட் பக்கச்சுவரோடு சேரும் ஓரம்) பக்கச்சுவரிலும் கூடாது; அங்கே டயர் சுழலும்போதெல்லாம் மடங்கி விரியும், ஒட்டு நிற்காது. வெளியிலிருந்து குத்தும் கயிறு தற்காலிகம். டயரைக் கழற்றி உள்ளிருந்து போடும் காளான் வடிவ ஒட்டுதான் முறை. கழற்றினால்தான் காற்றில்லாமல் ஓடியதில் உட்சுவர் நசுங்கியிருக்கிறதா என்றும் தெரியும். உள்ளே கருந்தூள் கொட்டினால் அந்த டயர் முடிந்தது.

பக்கச்சுவரில் முட்டை போலப் புடைத்திருக்கிறது. ஓட்டலாமா?

கூடாது. உள்ளே நூல் அறுந்துவிட்டது. பழுது பார்க்கவும் முடியாது.

ஜொகூர் பாருவில் போட்டால் மலிவுதானே?

விலை குறைவாக இருக்கலாம். ஆனால் வெளிநாட்டில் வாங்கிக் காரில் பொருத்திய பொருளுக்கும் வரிச் சலுகை வரம்புக்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு; திரும்பும்போது சுங்கத் துறையிடம் அறிவிக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குக் குறைவான பயணத்துக்குச் சலுகை 100 வெள்ளி மட்டுமே, நான்கு டயருக்கு அது எந்த மூலைக்கு? புறப்படும்போது முக்கால் தொட்டி பெட்ரோல் விதியும் இருக்கிறது. பிறகு நடுக்கம் வந்தால் மறு பேலன்ஸுக்கு மீண்டும் பாலத்தைக் கடக்க வேண்டும். அங்கே போடுவதென்றாலும் தேதி, டார்க், வால்வு எல்லாவற்றையும் இதேபோல் பாருங்கள்.

மின்காருக்குத் தனி டயர் வேண்டுமா?

எடைக் குறியீட்டில்தான் முக்கியக் கவனம். பேட்டரியால் கார் கனம் கூடுவதால் கூடுதல் எடை தாங்கும் 'எக்ஸ்எல்' அல்லது 'எச்எல்' குறியுள்ள டயர் கேட்கும். அதற்குப் பதில் சாதாரணத்தைப் போடாதீர்கள். மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு விசையைத் தருவதால் தேய்மானமும் வேகம். சிலவற்றில் சத்தம் குறைக்க உள்ளே நுரை ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் ஒட்டுபவர் அந்த இடத்து நுரையை வெட்டி எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். தூக்கும் இடம் தவறினால் பேட்டரியின் அடித்தகடு நசுங்கும். மின்காருக்கான ஜாக் கட்டைகள் கடையில் உள்ளனவா என்று முன்பே கேளுங்கள்.

டயர்களை இடம் மாற்றிப் போடுவது அவசியமா?

10,000 கி.மீ.க்கு ஒருமுறை. முன்சக்கரம் இழுக்கும் காரில் முன்னவை நேராகப் பின்னுக்கும், பின்னவை குறுக்காக முன்னுக்கும் போகும். அம்புக்குறி உள்ளவை அதே பக்கத்தில் முன்பின் மட்டும். ஆழ வித்தியாசம் பெரிதாகிவிட்டபின் தொடங்க வேண்டாம். தேய்ந்தவை பின்னுக்குப் போய்விடும். மாற்றியதும் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, காரின் அழுத்த எச்சரிக்கையை ரீசெட் செய்யுங்கள்.

ஸ்பேர் டயரை எப்போதாவது பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். மெல்லிய தற்காலிக ஸ்பேருக்கு 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும். அதில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. ஸ்பேருக்குப் பதில் பஞ்சரை அடைக்கும் பசைப் புட்டி வரும் கார்களில் புட்டியின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பசை ஊற்றிய டயரைக் கடையில் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள். சென்சாரையும் உட்புறத்தையும் கழுவிய பின்தான் ஒட்ட முடியும்.